தோற்றமும் மரபும்: சீன அரிசிமதுக் கூடத்தின் அமைப்புப் பற்றிய சில சிந்தனைகள்

ஒரு தொழிற்கூடத்தின் அமைப்பு, அங்கு நிகழும் உற்பத்தியின் வரலாற்றைத் தன்னுள் பொதிந்து வைத்திருப்பது. சுவர், அடுப்பு, வாயில் என்பனவற்றை அழகுணர்ச்சி மட்டும் தீர்மானிப்பதில்லை. பொருளின் இயல்பும் உழைப்போரின் அனுபவமும் உற்பத்தி உறவுகளும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. சீன மரபுவழி அரிசிமதுவை ஆக்குதற்கு இன்று கூடம் அமைக்க முனைவோர் சிலர், பூசாத செங்கற்சுவர், கரிய இரும்புச் சட்டகம், பழைய மண்சாடி ஆகியவற்றால் நாட்டுப்புறச் சாயலை உண்டாக்கிவிட்டால் மரபு காக்கப்பட்டதெனக் கருதுகின்றனர். தோற்றம் வேறு, மரபு வேறு என்பதே நாம் இங்கு விளக்க விழைவது. செச்சியாங் மாகாணத்து ஷாவ்சிங் நகரின் மதுவை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

பசையரிசி, நீர், கோதுமையிற் பூஞ்சணம் வளர்த்துச் செய்யப்படும் 'ச்சூ' எனும் கட்டி ஆகியன இதன் முதன்மையான மூலப்பொருள்கள். மரபுப்படி, நவம்பர் முற்பகுதியிற் பிறக்கும் குளிர்காலத்தில் வேலை தொடங்கும். அரிசி இரு வாரங்களுக்கு மேலாக ஊறும். ஊறிய நீரின் புளிப்பு வேண்டாத நுண்ணுயிர்களைத் தடுக்கும். பின்னர் அரிசி ஆவியில் வெந்து, ஆறி, தாழியில் நீருடனும் ச்சூவுடனும் சேரும். அங்கே பூஞ்சணத்தின் நொதியங்கள் மாப்பொருளை வெல்லமாக்க, அதே தாழியில் அதே வேளையில் மதுவம் வெல்லத்தை மதுசாரமாக்குகிறது. இவ்விரு செயல்களும் ஒருங்கே நிகழ்வதனாலேயே, காய்ச்சி வடிக்காமலே 15 வீதம் அல்லது அதற்கு மேற்பட்ட மதுசாரம் கிட்டுகிறது.

கூடத்தின் அமைப்பு இந்நிகழ்முறையிலிருந்தே பிறக்க வேண்டும். ஊறல், வேகல், ஆறல், நொதித்தல், பிழிதல், சூடாக்கல், சேமித்தல் எனும் ஒழுங்கில் இடங்கள் அமையின் சுமை தூக்குவோர் வீணே அலைய வேண்டியதில்லை. அடுப்பின் வெம்மை நொதிக்கும் தாழிகளை அணுகலாகாது. நொதிக்கும் கலவை தானே வெப்பங் கொள்ளும். ஏறத்தாழ 35 பாகையை எட்டும்போது அதனை மரத்துழாவியாற் கிளறி ஆற்ற வேண்டும். காலந் தாழ்ந்தால் மது புளித்துவிடும். அத்தருணத்தைத் தாழியின் ஓசை, சுவை, கைபடும் சூடு ஆகியவற்றால் அறிபவர், 'தலை' எனப் பொருள்படும் சொல்லால் அழைக்கப்படும் முதுதொழிலாளியே. ஆதலின் தாழிகளுக்கிடையே அவர் நின்று துழாவும் அகலம் வேண்டும். மேலும், நொதித்தலில் வெளிப்படும் காபனீரொட்சைட்டு காற்றிலும் கனமானது. தரைமட்டத்தில் தேங்கி மூச்சடைக்கச் செய்யும். சுவரின் அடியிலே காற்றுவழி வைக்காத கூடம் எத்துணை அழகியதாயினும் உயிருக்கு ஆபத்தானது.

பண்டைய நூல்களும் இதனையே உணர்த்துகின்றன. 6ஆம் நூற்றாண்டிற் சியா சு-சியே இயற்றிய 'ச்சிமின் யாவ்ஷூ' எனும் வேளாண் நூல், ச்சூ ஆக்குவதற்கு ஓட்டு வீட்டை விலக்கிப் புல்வேய்ந்த குடிலை விதிக்கின்றது. காற்றுப் புகாவண்ணம் கதவைச் சேற்றாற் பூசவும் கூறுகின்றது. இது நாட்டுப்புறத்தின் மீதான ஏக்கமன்று; வெப்பத்தையும் ஈரத்தையும் கட்டுப்படுத்தும் அறிவு. அப்பணியை இன்று வேறொரு சுவர் செம்மையாகச் செய்யுமாயின், அச்சுவரே மரபின் உண்மையான தொடர்ச்சி.

மது அருந்தப்படும் இடத்தின் அமைப்பு வர்க்கத்தை வெளிப்படுத்துவதை ஷாவ்சிங்கிற் பிறந்த லூசுன் நன்கறிந்திருந்தார். 1919இல் வெளிவந்த 'கொங் இச்சி' எனும் சிறுகதையில், குறுஞ்சட்டை அணிந்த உழைப்பாளர் முகப்பு மேசையருகே நின்று குடிப்பர். நீளங்கியினர் உள்ளறையில் அமர்ந்து குடிப்பர். நீளங்கியுடன் நின்றவாறு குடிக்கும் கொங் இச்சி இரு வர்க்கங்களுக்குமிடையே நசுங்குகிறான். லூசுனின் நூற்றாண்டு நிறைவான 1981இல், அக்கதையில் வரும் சியன்ஹெங் மதுச்சாலை ஷாவ்சிங்கில் மீண்டும் திறக்கப்பட்டது. விமர்சனமாய்ப் பிறந்த இடம் விற்பனைக்குரிய பழமையாயிற்று.

ஆக்குங்கூடத்துக்கும் இந்நிலை நேரலாம். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருக்குக் கலன்களும் குளிரூட்டலும் வந்தபின், குளிர்காலத்துக்குக் காத்திராமலே மது ஆக்க முடிந்தது. முதுகொடியும் உழைப்புங் குறைந்தது. இது முன்னேற்றமே. ஆயின், தொழிலாளியின் செவியிலிருந்த அறிவு அளவுகருவிக்கும், அதனை உடைமையாகக் கொண்டோருக்கும் கைமாறியது. 2006இல் ஷாவ்சிங் மதுவாக்கற் கலை சீனத் தேசிய மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அவ்வாறு போற்றப்படும் கலைஞன் காட்சிப்பொருளாக மட்டும் எஞ்சுவானாயின் பட்டியலாற் பயனில்லை.

எனவே, கூடம் அமைப்போருக்கு நாம் கூறக்கூடியது இதுவே: தூக்கவும் கழுவவும் வேண்டிய இடத்தில் உருக்கையும் இயந்திரத்தையும் தயங்காது ஏற்க வேண்டும். மது முதிரும் இடத்தில் மண்சாடியை வைத்திருத்தல் தகும். அதன் நுண்துளைகள் சிறிதளவு காற்றை உட்புகவிட்டு முதிர்ச்சிக்கு உதவுகின்றன. வெப்பமானி துழாவுவோனுக்கு மேலதிகாரியாகாது, அவன் கையிலேயே இருக்க வேண்டும். பார்வையாளரின் கண்ணுக்கு எது இனிது என்பது இறுதியில் எழவேண்டிய கேள்வி. அங்கு உழைப்பவர் எவ்வாறு நிற்பார், மூச்சுவிடுவார், கற்பார் என்பதே முதற் கேள்வி.