பழைய தோரியம், புதிய அலுமினியம்

கேரள-தமிழக எல்லையை ஒட்டிய பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதி ஊர்களிலிருந்து தெற்கே கடற்கரைக்குப் போனால், அலை ஒதுக்கிய கரிய மணல் திட்டுத்திட்டாகக் கிடக்கும். இந்தக் கரையோர மணலில் மோனசைட் என்ற கனிமம் கலந்திருக்கிறது; மோனசைட்டுக்குள் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம். 1909-இல் இதே கரையோரத்து மணவாளக்குறிச்சியிலிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் ஷோம்பர்க் என்ற வேதியியலர் இதைக் கண்டுகொண்டார்.

அந்த மணலில் ஒரு பிடி எடுத்துக் காமா கதிர் அளவியின் முன் வைத்தால், வரைபடத்தில் 2,614 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் இருக்கும் இடத்தில் கூரான முகடு எழும். தோரியம் படிப்படியாகச் சிதைந்து தாலியம்-208 ஆகி, அதுவும் சிதையும்போது வெளிவரும் கதிர் அது. அணுக்கருவுக்கு அணுக்கரு இந்த ஆற்றல் மாறும். முகடு எழும் இடத்தை வைத்தே ஆள் யாரென்று சொல்லிவிடலாம்.

1979-இல் நாசா ஏவிய ஹீயோ-3 செயற்கைக்கோள், பால்வீதியிலிருந்து வந்த கதிர்களில் 1,809 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் ஒரு முகட்டைப் பதிவு செய்தது. அது அலுமினியம்-26 என்ற கதிரியக்க அணுவின் அடையாளம். அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 7 லட்சம் ஆண்டுதான். தோரியத்துக்கோ 1,400 கோடி ஆண்டு! பூமி பிறந்தபோது இங்கிருந்த தோரியத்தில் ஐந்தில் நான்கு பங்கு இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனால் பால்வீதியின் இளமையில் உருவான அலுமினியம்-26 என்றைக்கோ தீர்ந்துபோயிருக்கும். அப்படியானால் இன்று நாம் பார்ப்பது, அண்ட அளவில் நேற்று உருவானது. விண்மீன்கள் இன்னமும் தனிமங்களைச் சமைத்துக்கொண்டிருக்கின்றன என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

காமா கதிரைச் சாதாரண லென்ஸ் வைத்துக் குவிக்க முடியாது. 2002-இல் ஐரோப்பா ஏவிய இன்டெக்ரல் விண்கலம், டங்ஸ்டன் கட்டைகளாலான தடுப்பின் நிழல், கடுங்குளிரில் வைத்த 19 ஜெர்மேனியம் படிகங்களின் மேல் எப்படி விழுகிறது என்று பார்த்துத் திசையைக் கணித்தது. அந்தத் தரவை வைத்து 2006-இல் ரோலண்ட் டீல் குழுவினர் கணக்குப் போட்டுச் சொன்னார்கள்: பால்வீதியில் உள்ள அலுமினியம்-26-இன் நிறை ஏறக்குறைய மூன்று சூரியன்களுக்குச் சமம். அதற்கு நூறாண்டுக்குச் சுமார் இரண்டு பெருவிண்மீன்கள் வெடித்தாக வேண்டும். நம் விண்மீன் கூட்டத்தில் மனிதர் வெறுங்கண்ணால் தெளிவாகக் கண்ட கடைசி வெடிப்பு 1604-இல். பிறகு நடந்தவற்றைத் தூசி மறைத்துவிட்டது. காமா கதிருக்கு அந்தத் தூசி தடையே இல்லை.

நம் சூரியக் குடும்பம் உருவானபோதும் அலுமினியம்-26 இருந்தது. அது சிதைந்தால் மக்னீசியம்-26. ராஜஸ்தானின் பிப்லியா கலானில் 1996-இல் விழுந்த விண்கல்லில் அந்த மக்னீசியம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருப்பதை அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் சீனிவாசன், கோஸ்வாமி, பண்டாரி மூவரும் 1999-இல் வெளியிட்டார்கள். அந்தக் கல்லின் தாய்க்கோள் ஒரு காலத்தில் உருகிக் குழம்பாகியிருந்தது. அந்த வெப்பம் அலுமினியம்-26 சிதைந்ததால் வந்திருக்கலாம் என்பது அவர்கள் முடிவு.