கண்ணுக்கே தெரியாத மண் பாக்டீரியாவை அடையாளம் காண்பது எப்படி?

ஒரு சிட்டிகை தோட்ட மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கும். அவற்றில் யார் யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மொட்டைமாடியிலிருந்து பாருங்கள்: தெருவில் போகும் ஒற்றை எறும்பு தெரியாது, எறும்புச் சாரை தெரியும். பாக்டீரியாவும் அப்படித்தான்: ஒன்று தெரியாது, கூட்டம் தெரியும். அதுதான் சூட்சுமம்!

மண்ணை நீரில் கரைத்து, பலமுறை நீர்க்கச் செய்து, அகர் தட்டில் (பாக்டீரியா வளர ஊட்டக்கூழ் பரப்பிய தட்டு) தடவுகிறார்கள். சில நாட்களில் ஒற்றைச் செல் பெருகிப் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாகிறது. அதுதான் காலனி.

காலனி வேர் பரவியதுபோல் சுருண்டு வளர்ந்தால் அது பேசில்லஸ் மைக்காய்டிஸ் என்ற பாக்டீரியாவாக இருக்கலாம். சுண்ணாம்புப் பொடி தூவியதுபோல் தோன்றி, மழைநேர மண்வாசம் வீசுகிறதா? ஸ்ட்ரெப்டோமைசிஸாக இருக்கலாம்.

அடுத்து நுண்ணோக்கி. முன்னதில் கோல் வடிவச் செல்கள் சங்கிலியாக நிற்கும். பின்னதில் கிளைவிட்ட நூலிழைகள்.

ஆனால், ஒரே சாயலில் பலர் உண்டு. தோற்றம் துப்பு மட்டுமே. உறுதிப்படுத்த மரபணுச் சோதனை வேண்டும்.