கடலுக்குள் போன கன்னியம்மா

கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்ட பெண்ணை அழைத்து வர யார் போவது? மாப்பிள்ளையா, மாமியாரா? “அவளாகப் போனாள், அவளாக வரட்டும்” என்று வீம்பு பிடிக்கிற வீடுகள் எத்தனை! இந்த வழக்கு தெய்வங்களுக்கும் உண்டு, சகோதரிகளே. கிரேக்கப் புராணத்தில் ஒரு கதை, நம் ஊர் இருளர் மக்களிடம் ஒரு கதை. இரண்டிலும் கடலுக்குள் போனவள் ஒரு பெண்தான்.

கிரேக்கத்துக் கடல் மகள்

கிரேக்கர்களின் காதல் தெய்வமான அப்ரோடைட்டி கடல் நுரையிலே பிறந்தவள். பாற்கடலில் தோன்றிய நம் மகாலட்சுமி ஞாபகத்துக்கு வருகிறாள் இல்லையா? கடல் கிழவர் நீரியஸுக்கு 50 பெண்கள். எல்லோரும் கடல் தேவதைகள். அவர்களில் ஒருத்தி தீட்டிஸ்.

தீட்டிஸை பீலியஸ் என்ற மனிதனுக்குக் கட்டிவைக்கத் தேவர்கள் முடிவு செய்தார்கள். அவளுக்கு இஷ்டமில்லை. நெருப்பாக, நீராக, சிங்கமாக, பாம்பாக மாறித் தப்பப் பார்த்தாள். அவன் பிடித்த பிடியை விடவில்லை. கல்யாணம் நடந்தது. பிள்ளையும் பிறந்தது. டிராய் யுத்தத்தில் பெயர் பெற்ற வீரன் அகிலீஸ்தான் அந்தக் குழந்தை.

குழந்தைக்குச் சாவே வரக்கூடாது என்று, ராத்திரியில் அவனை நெருப்பில் காட்டி, பகலில் தேவாமிர்தம் பூசி வந்தாள் தாய். ஒரு நாள் இதைப் பார்த்துவிட்ட கணவன் அலறினான். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவ்வளவுதான், குழந்தையைக் கீழே போட்டுவிட்டுக் கடலில் குதித்தாள். அந்த வீட்டுக்கு அவள் திரும்பவே இல்லை.

மாசி மகத்து ராத்திரி

கும்மிடிப்பூண்டி, பொன்னேரிப் பக்கத்துச் சகோதரிகளுக்கு இருளர் குடும்பங்களைத் தெரிந்திருக்கும். பழவேற்காடு ஏரியில் வலையில்லாமல் கையாலேயே துழாவி இறால் பிடிப்பவர்கள். அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் உழைப்பவர்கள். பாம்பு பிடிப்பதில் மகா கெட்டிக்காரர்கள். வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023-ல் பத்மஸ்ரீ விருதே கிடைத்தது.

இவர்கள் கும்பிடும் தெய்வம் கன்னியம்மா. அவள் கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டாள் என்பது நம்பிக்கை. ‘தானாக வரட்டும்’ என்று இவர்கள் இருந்துவிடவில்லை. வருஷா வருஷம் மாசி மகப் பௌர்ணமிக்கு, திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், விழுப்புரம் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து சேருகிறார்கள், அம்மாவைச் சமாதானப்படுத்த!

சேலையையே கூடாரமாகக் கட்டி, மணலிலே சமைத்துச் சாப்பிட்டு, நிலா வெளிச்சத்தில் ஆட்டமும் பாட்டுமாக ராத்திரி கழிகிறது. விடியற்காலையில் அலையோரம் ஈர மணலில் ஏழு படி கட்டி, பூ, பழம், தேங்காய், வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறார்கள். சிலருக்கு அருள் வந்துவிடும்.

பிறகு அம்மா சாட்சியாக அங்கேயே கல்யாணம், காதுகுத்து, மொட்டை. மண்டபமும் இல்லை, மேளமும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குப் பரிசம் கொடுப்பதுதான் இவர்களுடைய பழைய வழக்கம். நகைக்கும் சீருக்கும் கடன் வாங்கித் தவிக்கிற நாம் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒன்று மட்டும் முக்கியம்: எந்தச் சன்னதியில் நடந்தாலும் பெண்ணுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும்.

கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-ல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும், வாங்கிய முன்பணத்துக்காக ஆலையிலும் சூளையிலும் அடைபட்டுக் கிடந்த இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டதுண்டு. அப்படிச் சிதறிப் பிழைக்கிற சனங்களுக்கு, அக்கா தங்கையைப் பார்க்கவும், மகளுக்கு வரன் பேசவும் இந்த ஒரு ராத்திரி எவ்வளவு பெரிய விஷயம்! அம்மாவை அழைக்க வந்த இடத்தில் உறவுகளும் ஒன்று கூடிவிடுகின்றன.

பீலியஸ் ஏன் என்று கேட்காமல் அலறினான், பெண்டாட்டியை இழந்தான். இருளர்களோ வருஷா வருஷம் போய் நிற்கிறார்கள். உங்கள் வீட்டிலும் யாராவது முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கிறார்களா? மருமகளோ, நாத்தனாரோ, யாராக இருந்தால் என்ன? நாலு முழம் பூவோடு நீங்களே முதலில் போய், “என்னம்மா கோபம்?” என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கடைசி வரை காது கொடுத்தும் கேளுங்கள்.