உடையைப் பற்றிய வாதங்களும் அவற்றிலுள்ள போலிகளும்



கருங்கல் பகுதியில் ஓர் அன்பியக் கூட்டத்தில் நடந்த வாக்குவாதம் இது. அந்த ஞாயிறு திருப்பலியில் முதல் வாசகம் வாசித்த கல்லூரி மாணவி ஜீன்ஸும் முழங்கால்வரை குர்தாவும் அணிந்திருந்தாள். வாசிப்பு தெளிவாக இருந்தது என்பதை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனாலும் அரைமணி நேரம் அவளுடைய உடையைப் பற்றித்தான் பேச்சு.

தவறான வாதத்துக்குத் தமிழில் 'போலி' என்று பெயர் உண்டு. மணிமேகலைக் காப்பியத்தில் அறவண அடிகள், பக்கப்போலி, ஏதுப்போலி என இவற்றை வகைப்படுத்திக் கற்பிக்கிறார். போலி, பார்வைக்கு நியாயம் போலவே இருக்கும். தட்டிப் பார்த்தால்தான் தெரியும். அன்று கேட்டவற்றைத் தட்டிப் பார்ப்போம்.

"அவளுக்க அம்மை வளத்த வளப்பு அப்பிடி."

கேள்வி உடையைப் பற்றியது. பதிலோ தாயைப் பற்றியது. வாதத்தை விட்டுவிட்டு ஆளைத் தாக்குவது முதல் போலி.

"இண்ணைக்கு ஜீன்ஸு, நாளைக்கு கோயிலுக்கே வரமாட்டா."

இன்றைக்கும் நாளைக்கும் நடுவே என்ன தொடர்பு என்று யாரும் சொல்லவில்லை. ஒரு படி இறங்கினால் பாதாளம் வரை போவார்கள் என்று பயமுறுத்துவது இரண்டாவது போலி.

"அப்போ பிள்ளைகள வீட்டுக்குள்ள பூட்டி வைக்கவா சொல்லுதீங்க?"

இது இளைஞர் ஒருவர் கேட்டது. பூட்டி வைக்க யாரும் சொல்லவில்லை. எதிராளி சொல்லாததைச் சொன்னதாக வைத்து அடிப்பது மூன்றாவது போலி. "இப்பம் எல்லாரும் போடுகாங்க" என்று அவர் சேர்த்துக்கொண்டதும் அப்படித்தான். எல்லாரும் செய்வதால் ஒன்று சரியாகிவிடாது.

"நம்ம பாட்டிமார் காலத்து வழக்கத்த மாத்தப்பிடாது."

நம் மண்ணில் இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். திருவிதாங்கூர் அரசின்கீழ் இப்பகுதி இருந்தபோது, நாடார் முதலிய சமூகப் பெண்கள் மேலாடை அணியத் தடை இருந்தது. 1822-ல் கல்குளம் பகுதியில் கலவரம் தொடங்கியது. பெண்களின் மேலாடைகள் பொது இடங்களில் கிழிக்கப்பட்டன. சிற்றாலயங்களும் பள்ளிக்கூடங்களும் எரிக்கப்பட்டன. 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜாவின் அரசாணை வந்த பிறகே நாடார் பெண்கள் எல்லாருக்கும் மார்பை மூடும் அனுமதி கிடைத்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது.

தடையை ஆதரித்தவர்கள் சொன்ன முக்கியக் காரணம் 'பண்டைய வழக்கம்'. அன்று உடம்பை மூடியதே திமிர் எனப்பட்டது. இன்று நாம் 'பாட்டிமார் வழக்கம்' என்று போற்றும் உடை, அவர்களுடைய பாட்டிமார் வழக்கத்தை மீறி, அடிபட்டுப் பெற்ற உடை. பழமை என்பதால் மட்டும் ஒன்று சரியாகாது. புதுமை என்பதால் மட்டும் தவறாகவும் ஆகாது.

கடைசிப் போலி என்னுடையது. "சாமி சொல்லட்டும்" என்றார்கள். "கொஞ்ச நாள் அவள் வாசிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். காரணம் எதுவும் சொல்லவில்லை; என் பதவியையே காரணமாக வைத்தேன். அடுத்து வந்த ஞாயிறுகளில் அந்தப் பிள்ளை திருப்பலியில் கடைசி வரிசையில் நின்றாள். பிறகு வரவேயில்லை. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "சாமி, நான் எப்பிடி வாசிச்சேன்னு நீங்க ஒண்ணுமே சொல்லல்லியே" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

அப்படியானால் உடையைப் பற்றிப் பேசவே கூடாதா? பேசலாம். ஆனால் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டுப் பேசுவோம். நாம் வைக்கும் விதி ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒன்றுதானா? அதை முன்கூட்டியே சொன்னோமா? இந்த உடை இறைவார்த்தையைக் கேட்க விடாமல் உண்மையில் தடுத்ததா, அல்லது நம் கண்தான் அங்கே போனதா?

ஈசாயின் மூத்த மகனுடைய உயரத்தைப் பார்த்து, இவரே அரசர் என்று முடிவு கட்டினார் சாமுவேல். தோற்றத்திலிருந்து குணத்துக்கு ஒரே தாவாகத் தாவியதுதான் அவருடைய தவறு. இறைவாக்கினருக்கே அது நேர்ந்தது என்றால், நாம் இன்னும் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

அடுத்த அன்பியக் கூட்டத்தில் யாருடைய உடையாவது பேச்சில் வந்தால், நாம் சொல்லும் காரணம் நியாயமா, போலியா என்று ஒரு நொடி தட்டிப் பார்ப்போமா?