கிணற்று ஜலமும் கணித யந்திரமும்

ஜலத்துக்கு ஒரு குணம் உண்டு. தான் தங்கிய இடத்தின் சரக்கில் கொஞ்சத்தைத் தன்னோடு எடுத்துக்கொண்டுதான் அது புறப்படும். களிமண்ணில் தங்கினால் கலங்கல். உப்பு மண்ணில் தங்கினால் கரிப்பு. இரும்புப் பாறையில் தங்கினால் துருவின் வாடை. இவற்றையெல்லாம் கண்ணோ, மூக்கோ, நாவோ கண்டுபிடித்துவிடும். ஆனால் இந்த மூன்று காவற்காரர்களையும் ஏமாற்றிவிட்டுக் குடத்தோடு வீட்டுக்குள் நுழைகிற சரக்கு ஒன்று இருக்கிறது. தர்மபுரி ஜில்லாவில் பல தலைமுறைகளாக அது வீடுகளுக்குள் வந்துகொண்டிருந்தது. அதன் பெயர் ப்ளோரைடு.

சேலத்திலிருந்து தொப்பூர்க் கணவாயைக் கடந்து தர்மபுரிக்குப் போகும் பெருஞ்சாலையில் நல்லம்பள்ளி இருக்கிறது. அருகிலேயே அதியமான் கோட்டை. மழை குறைந்த, பாறை நிறைந்த சீமை. ஆற்றுப் பாசனம் இல்லாத ஊர்களில் ஜனங்கள் கிணறு வெட்டினார்கள். கிணறு வற்றியபோது ஆழ்குழாய் இறக்கினார்கள். பாதாளத்திலிருந்து ஜலம் தெளிவாகத்தான் வந்தது. அதைக் குடித்து வளர்ந்த குழந்தைகளின் பற்களில் முதலில் சுண்ணாம்பு போன்ற வெண் திட்டுகளும், பிறகு பழுப்புக் கோடுகளும் தோன்றின. இத்தகைய ஜலத்தையே ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களில் சிலருக்கு மூட்டுகள் மடங்க மறுத்தன, முதுகு வளைந்தது.

இந்த நோய் நம் ராஜதானிக்குப் புதிதன்று. 1937-ஆம் ஆண்டிலேயே சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த நெல்லூர் ஜில்லாவின் கிராமங்களில் இதைக் கண்டு, கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டின் ஷார்ட் என்பவரும் அவருடைய கூட்டாளிகள் மூவரும் விவரமாக எழுதினார்கள். இந்தியாவில் ப்ளோரைடு நோயைப் பற்றிய முதல் ஆராய்ச்சிகளில் ஒன்று அது. காரணம் குடிநீர் என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால், ஜலத்தில் கலந்திருக்கும் எத்தனையோ உப்புக்கள் உடலில் ஒரு வழியாக வந்து மற்றொரு வழியாகப் போய்விட, இது ஒன்று மட்டும் எலும்பைத் தேடிப் போய்க் குடியிருப்பானேன்? இந்தக் கேள்விக்கு விடை சொல்லப் பரிசோதனைக் குழாய் மட்டும் போதவில்லை. கணித யந்திரமும் வேண்டியிருந்தது.

ஓர் இட மாற்றம்

எலும்பும் பல்லும் பெரும்பாலும் ஒரே தாதுப்பொருளால் ஆனவை. கால்ஸியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து கட்டிய படிகம் அது. ஹைட்ராக்ஸி அபடைட் என்பது அதன் சாஸ்திரப் பெயர். நுணுகிப் பார்த்தால் அந்தப் படிகத்துக்குள் நெடுக ஒரு சந்து போவது தெரியும். சந்தின் ஓரங்களில் கால்ஸியம் அயனிகள் மூன்று மூன்றாக, முக்கோணம் முக்கோணமாக நிற்கின்றன. சந்தின் நடுவே வரிசையாக உட்கார்ந்திருப்பது ஹைட்ராக்ஸில். பிராணவாயு அணு ஒன்றும் ஹைட்ரஜன் அணு ஒன்றும் கைகோத்து, ஓர் எதிர்மின் சுமையைத் தாங்கிய ஜோடி அது.

ப்ளோரைடும் ஓர் எதிர்மின் சுமைதான் தாங்குகிறது. பருமனிலும் ஹைட்ராக்ஸிலுக்கு ஏறக்குறைய ஒப்பானது. ஆகவே அந்த ஆசனத்தில் இது உட்காரலாம். உட்காருவதோடு நிற்கவில்லை, இன்னும் சௌகரியமாகவே உட்காருகிறது. ஹைட்ராக்ஸிலுக்கு ஹைட்ரஜன் என்ற வால் இருப்பதால் அது முக்கோணத்தின் நட்ட நடுவில் அமர முடியாமல் சற்று விலகி இருக்கிறது. வாலில்லாத ப்ளோரைடோ சரியாக மையத்தில் அமர்ந்து, மூன்று கால்ஸியங்களையும் சம தூரத்தில் பற்றிக்கொள்கிறது. உடலில் தங்கும் ப்ளோரைடில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலுமே இருப்பதற்கு மூல காரணம் இந்த இட மாற்றம்.

வேடிக்கை என்னவென்றால், பூமிக்கடியில் நடப்பதும் இதே இட மாற்றம்தான். திசை மட்டும் நேர்மாறு. இந்தப் பகுதியின் கருங்கற் பாறைகளில் கருநிற அப்பிரகமும் அபடைட்டும் உண்டு. அவற்றில் ப்ளோரைடு குடியிருக்கிறது. காரத்தன்மையுள்ள ஜலம் பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கும்போது, ஜலத்திலுள்ள ஹைட்ராக்ஸில் பாறைக்குள் புகுந்து ப்ளோரைடை வெளியே தள்ளுகிறது. சாதாரணமாக ஜலத்தில் கால்ஸியம் நிறைய இருந்தால், அது ப்ளோரைடைப் பிடித்து அடியில் படிய வைத்துவிடும். ஆனால் இவ்வகைக் கார ஜலத்தில் கால்ஸியம் முன்னமே சுண்ணாம்புக் கல்லாகப் படிந்துவிடுகிறது. காவலன் போன பிறகு ப்ளோரைடுக்குத் தடை ஏது? ஆழத்து ஜலம் பாறையோடு அதிக நாள் உறவாடியது; ஆகையால் ஆழ்குழாய் ஜலத்தில் அபாயமும் அதிகம்.

கடினமும் மென்மையும்

எந்தப் பொருள் எந்தப் பொருளை நாடும் என்பது ரஸாயனத்தின் மிகப் பழைய கேள்வி. 1963-இல் அமெரிக்காவில் பியர்ஸன் என்ற பேராசிரியர் இதற்கு எளிய விதி ஒன்றைக் கூறினார். பொருள்களில் சில 'கடினமானவை', சில 'மென்மையானவை'. கடினம் கடினத்தை நாடும், மென்மை மென்மையை நாடும். இங்கே கடினம் என்பது கைக்குத் தெரியும் கடினம் அன்று. எலெக்ட்ரான்களை இறுகப் பிடித்துக்கொண்டு, எளிதில் உருக்குலையாமல் இருக்கும் தன்மைதான் அது.

அழகான விதிதான். ஆனால் எவ்வளவு கடினம் என்று கேட்டால்? 1983-இல் பார் என்பவரும் பியர்ஸனும் சேர்ந்து அதற்கு ஒரு படிக்கல் செய்தார்கள். ஓர் அணுவிலிருந்து எலெக்ட்ரான் ஒன்றைப் பிடுங்குவதற்கு வேண்டிய சக்தியையும், அதே அணு ஓர் எலெக்ட்ரானை ஏற்கும்போது வெளிவிடும் சக்தியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் வித்தியாசத்தில் பாதிதான் கடினத்தின் அளவு. ப்ளோரின் அணுவுக்கு இது எலெக்ட்ரான்-வோல்ட் கணக்கில் 7.0, அதன் தாயாதியாகிய அயோடினுக்கு 3.7 மட்டுமே. கால்ஸியமும் அலுமினியமும் அயனி நிலையில் மிகக் கடினமான பேர்வழிகள். ப்ளோரைடு ஏன் எலும்பிலுள்ள கால்ஸியத்தை நாடுகிறது என்பதும், படிகாரத்திலுள்ள அலுமினியத்திடம் ஏன் பிடிபடுகிறது என்பதும் இந்த ஒரே விதிக்குள் அடங்கிவிடுகின்றன.

இந்தத் துறையில் நம் தேசத்தாரின் பங்கும் சிறிதன்று. கரக்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த பிரதிம் குமார் சட்டராஜ் என்ற வங்காளப் பேராசிரியர், பார் என்பவருடன் சேர்ந்து 1991-இல் வெளியிட்ட கட்டுரை பெயர் பெற்றது. மூலக்கூறுகள் தம்மால் ஆன மட்டும் கடினமான நிலையை அடையவே முயலுகின்றன என்ற கொள்கைக்கு அவர்கள் அதில் கணித நிரூபணம் தந்தார்கள்.

கணக்கின் பிடிவாதம்

இவற்றையெல்லாம் கணக்கிட முடிவது எப்படி? 1926-இல் ஷ்ரோடிங்கர் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி, அணுவுக்குள் எலெக்ட்ரான்கள் நடந்துகொள்ளும் முறையை ஒரு சமன்பாட்டில் அடக்கினார். அது போதுமே என்று தோன்றும். ஆனால் ஒரே எலெக்ட்ரான் உள்ள ஹைட்ரஜனுக்குத்தான் அதைக் காகிதத்தில் முழுவதும் தீர்க்க முடிந்தது. இரண்டு எலெக்ட்ரான் வந்தவுடனே ஒன்றின் நடத்தை மற்றதைப் பொறுத்ததாகிவிடுகிறது. நூறு எலெக்ட்ரான் என்றால், ஒருவரையொருவர் பார்த்து முகத்தை மாற்றிக்கொள்ளும் நூறு பேர் உள்ள கூட்டுக் குடும்பம்தான்!

ஆகவே விஞ்ஞானிகள் கல்யாணச் சமையற்காரரின் யுக்தியைக் கையாண்டார்கள். முதலில் உத்தேசமாக உப்புப் போடுகிறார், ருசி பார்க்கிறார், திருத்துகிறார், மறுபடியும் பார்க்கிறார். இனித் திருத்த வேண்டியதில்லை என்ற நிலை வந்ததும் நிறுத்துகிறார். எலெக்ட்ரான்களின் இருப்பை ஓர் ஊகத்தில் தொடங்கிக் கணக்கிட்டு, விடையைக் கொண்டு ஊகத்தைத் திருத்தி, இரண்டும் ஒத்துவரும் வரை திரும்பத் திரும்பச் செய்வதே அந்த முறை. மனிதன் செய்தால் ஆயுள் போதாது. கணித யந்திரம் அலுப்பின்றிச் செய்கிறது.

அப்படியும் பெரிய மூலக்கூறுகள் யந்திரத்தையே திணற அடித்தன. 1964, 1965-ஆம் ஆண்டுகளில் வால்ட்டர் கோன் என்பவரும் அவருடைய சகாக்களும் மற்றொரு வழி கண்டார்கள். ஆடிப் பெருக்கன்று ஹொகேனக்கலில் கூடும் ஜனங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் எங்கே போகிறார் என்று பின்தொடர்வது ஆகாத காரியம். எந்த இடத்தில் கூட்டம் எவ்வளவு நெருக்கம் என்று மட்டும் அறிந்தால், படகுத் துறைக்கு எத்தனை காவலர் வேண்டும் என்பதைச் சொல்லிவிடலாம். அதுபோல, எலெக்ட்ரான்களைத் தனித்தனியே தொடராமல் அவற்றின் அடர்த்தியை அறிந்தாலே மூலக்கூறின் சக்தியைக் கணக்கிடலாம் என்று கோன் காட்டினார். இதற்காக அவருக்கும், இவ்வகைக் கணக்குகளை ரஸாயனிகள் கையாளும்படி முறைப்படுத்திய பாப்பிள் என்பவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த முறைகளைக் கொண்டு லண்டனில் பணிபுரிந்த நோரா தெ லேவ் என்ற அம்மையார், அபடைட்டில் ப்ளோரைடு புகும் விதத்தைக் கணக்கிட்டு 2004-இல் வெளியிட்டார். படிகத்தின் மேற்பரப்பில் ஹைட்ராக்ஸிலின் இடத்தைப் ப்ளோரைடு பிடிப்பது சக்தி வகையில் லாபமான காரியம் என்றும், அவ்வாறு பிடித்த பிறகு அந்தப் பரப்பு எளிதில் கரையாது என்றும் கணக்கு சொல்லியது. பற்பசையில் சிறிது ப்ளோரைடு சேர்ப்பது எதற்கு என்பது இதிலிருந்து விளங்கும். அளவோடு பல்லின் மேற்பரப்பைக் காக்கும் அதே குணம், அளவு மீறிக் குடிநீரில் வரும்போது எலும்பில் தங்கிப் போகாத குணமாகிவிடுகிறது. மருந்தையும் நஞ்சையும் பிரிப்பது அளவு ஒன்றே. லிட்டர் ஒன்றுக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காதபோது 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது.

கணக்கின் எல்லையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். படிகத்தின் கதையைத்தான் அது சொல்லும். பல் முளைக்கும் பருவத்தில் எனாமலைக் கட்டுகிற உயிரணுக்களைப் ப்ளோரைடு எவ்வாறு குழப்புகிறது என்பது உயிர்நூலாருடைய வேலை. அணுவின் கணக்கு அதற்கு வாசற்படி மட்டுமே.

புளியும் படிகாரமும்

எது எதை நாடும் என்று தெரிந்தால், நாடுகிற பொருளையே தூண்டிலில் வைக்கலாம் அல்லவா? நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்த 'நல்கொண்டா முறை' அப்படிப்பட்டதே. படிகாரமும் சுண்ணாம்பும் ஜலத்தில் கலந்தால் அலுமினியம் பஞ்சு பஞ்சாகத் திரண்டு, ப்ளோரைடையும் பற்றிக்கொண்டு அடியில் படியும். செலவு குறைவு, ஆனால் படிந்த சேற்றை அகற்ற வேண்டும், அளவு தவறினால் அலுமினியம் ஜலத்தில் தங்கும். திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்தில், இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானில் உலோகங்களை ஏற்றிப் ப்ளோரைடைப் பிடிக்கும் ஆராய்ச்சிகள் பல நடந்திருக்கின்றன. கிராமத்தின் குறையைக் கிராமத்தில் அமைந்த கலாசாலையே ஆராய்வது பொருத்தந்தானே?

தர்மபுரிச் சீமைக்குப் புளிய மரம் புதிதன்று. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2002-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று அந்தப் புளியைப் பற்றியது. விடுதி மாணவர்களுக்குத் தினம் 10 கிராம் புளி வீதம் 18 நாள் பகல் உணவோடு கொடுத்தார்கள். சிறுநீரில் வெளியேறிய ப்ளோரைடு நாள் ஒன்றுக்கு 3.5 மில்லிகிராமிலிருந்து 4.8 மில்லிகிராமாக உயர்ந்தது. ரசம் குடித்தால் நோய் போய்விடும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. சிறு கூட்டத்தில் செய்த சிறு சோதனை அது. ஆனாலும் கால்ஸியம் உள்ள கேழ்வரகும், கீரையும், அதியமான் ஔவைக்கு ஈந்ததாகச் சொல்லும் நெல்லிக்கனியும் உணவில் இருப்பது உடலுக்குத் துணையே.

உண்மையான பரிகாரம் நல்ல ஜலம். காவிரி ஜலத்தைத் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களுக்குக் கொண்டுவரும் ஹொகேனக்கல் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பானியக் கடனுதவியுடன் ஏறத்தாழ 1,900 கோடி ரூபாயில் அமைந்து, 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. 'ப்ளோரைடு நோய்த் தணிப்பு' என்ற சொற்கள் அதன் பெயரிலேயே இடம் பெற்றிருக்கின்றன.

ஆனால் குழாய் வந்ததோடு கடமை தீர்ந்துவிடாது. குழாயில் ஜலம் வராத நாளில் கை பழைய ஆழ்குழாயை நாடும். காய்ச்சிக் குடித்தால் போதும் என்று சிலர் நினைப்பார்கள். காய்ச்சினால் ஜலம் குறையும், ப்ளோரைடு குறையாது. லிட்டருக்கு லிட்டர் அது கூடவே செய்யும். ஆகையால் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஆற்று ஜலத்தையோ, பிடித்து வைத்த மழை நீரையோ உபயோகித்துக்கொண்டு, ஆழ்குழாய் ஜலத்தைத் துணி துவைப்பதற்கு விட்டுவிட வேண்டும். ஊர்க் கிணறுகளின் ஜலத்தைச் சோதித்து, விடையை அந்தந்தக் கிணற்றின் மேலேயே எழுதி வைக்கும்படி பஞ்சாயத்தாரைக் கேட்பது ஒவ்வொரு குடும்பத்தின் உரிமை. எட்டு வயதுக்குள் உருவாகிற பற்கள் மறுமுறை உருவாவதில்லை. கணித யந்திரம் மாதக்கணக்கில் உழைத்துச் சொன்ன செய்தியை, பள்ளிக்கூடத்துப் பிள்ளை குடத்தை எந்தக் குழாயில் வைப்பது என்று தீர்மானிக்கும் நேரத்தில் நினைவு கூர்ந்தால், அந்த உழைப்பு பயன்பட்டதாகும்.