சங்கிலி மண்டபத்தைக் கழற்றிப் பார்த்தால்

பேட்டையிலிருந்து கிழக்கே திருநெல்வேலி டவுனுக்கு வந்தால் நெல்லையப்பர் கோயில். சுவாமி கோயிலிலிருந்து காந்திமதியம்மன் கோயிலுக்குச் சங்கிலி மண்டபம் வழியே போய்விடுகிறோம். 1647-இல் வடமலையப்ப பிள்ளையன் கட்டிய மண்டபம் அது. அதற்கு முன் இரண்டும் தனித்தனிக் கோயில்கள். அந்தப் பழைய தோற்றத்தை, ஒரு கல்லையும் அசைக்காமல், கணினியில் உருவாக்கிப் பார்க்கலாம்.

முதல் வேலை அளப்பது. முக்காலியில் நிற்கும் லேசர் ஸ்கேனர் சுழன்றபடியே ஒளியை வீசி, அது பட்டுத் திரும்புவதைக் கொண்டு தூரத்தைக் கணிக்கும். பத்து மீட்டர் தள்ளியிருக்கும் தூணுக்கு ஒளி போய்வர ஆகும் நேரம், ஒரு நொடியை 100 கோடியாகப் பகுத்தால் ஏறக்குறைய 67 பங்கு. இப்படிச் சேரும் கோடிக்கணக்கான புள்ளிகளே கட்டடத்தின் வடிவம். தூணுக்குப் பின்னால் ஒளி போகாது; ஆகவே பல இடங்களில் வைத்து அளந்து இணைக்க வேண்டும். எண்ணெய் ஏறிக் கறுத்துப் பளபளக்கும் சிலையை அளப்பது சிரமம்.

கேமராவும் உதவும். ஒன்றோடொன்று மேற்படிய எடுத்த படங்களிலிருந்து மென்பொருள் வடிவத்தைக் கணிக்கும். அளவு தெரிந்த ஒரு பொருளாவது படத்தில் இருந்தால்தான் நீள அகலம் சரியாக வரும்.

இப்படி அளந்து வைத்ததற்கு முன்மாதிரிகள் உண்டு. குஜராத்தில், 11-ஆம் நூற்றாண்டுப் படிக்கிணறான ராணி கி வாவ் 2011-இல் லேசரால் பதிவானது. பாரிஸின் நோத்ர தாம் தேவாலயத்தைக் கலை வரலாற்றாளர் ஆண்ட்ரூ டாலன் 2010-இல் 100 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளாகப் பதிந்தார். 2019-இல் அதன் கூரை எரிந்தபின் மீட்டுக் கட்டியவர்களுக்கு அந்த அளவுகள் கைகொடுத்தன.

இரண்டாவது வேலை, இன்று இல்லாததை வரைவது. இங்கே கருவியைவிடச் சான்றே முக்கியம். தூணின் உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் உறுப்பான போதிகையில் பூமுனை தொங்கினால், அது விஜயநகர, நாயக்கர் காலத்தைச் சொல்லும். சுவரும் சுவரும் சேரும் இடம், எது முந்தியது என்று காட்டும். கல்வெட்டிலும் கவனம் வேண்டும். திருப்பணியில் கல் இடம் மாறியிருக்கலாம். மண்டபத்தைத் திரையில் கழற்றுவது எளிது. அது மறைத்திருந்த சுவரை வரைய ஆதாரம் தேவை. அளந்தது எது, ஊகித்தது எது என்று நிறம் பிரித்துக் காட்டாத படம் வெறும் அலங்காரம்தான். மரபுச் சின்னங்களைக் கணினியில் காட்சிப்படுத்த நெறி வகுக்கும், 2006-இல் தொடங்கிய லண்டன் சாசனமும் இந்த வெளிப்படைத்தன்மையையே வலியுறுத்துகிறது.

நமக்கு அவசரம் ஆற்றங்கரையில்தான். தாமிரபரணியில் வெள்ளம் வந்தால் குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்குகிறது. கரையோரக் கல் மண்டபங்களையும் தண்ணீர் சூழ்கிறது. பழங்காலத்தைக் கற்பனை செய்வது பிறகு இருக்கட்டும். இன்று நிற்பவற்றை முதலில் அளந்து வைப்போம்.