சாவி உங்கள் கையில், வண்டி யார் பெயரில்?



தோட்டத்து லயங்களில் இன்று மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு அரிது. விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டும். பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட வேண்டும். டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கிவர வேண்டும். நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் கிளினிக்குக்கு ஓட வேண்டும். இத்தனைக்கும் அந்த ஒரு வண்டிதான் துணை. புதிய வண்டி வாங்க வசதி இல்லாதவர்கள் பழைய வண்டியைத் தேடுகிறார்கள். பக்கத்து ஊரில் கிடைக்காவிட்டால் அடுத்த மாநிலத்தில் தேடுகிறார்கள். அப்படி வேறு மாநிலத்திலிருந்து வண்டி வாங்கும்போது செய்ய வேண்டியவை எவை என்பதையே இன்று பார்க்கப் போகிறோம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். சுங்கை பட்டாணி பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு குடும்பம். சீட்டு எடுத்த பணம் 2,500 வெள்ளி கையில் இருக்கிறது. ஈப்போவில் இருக்கும் உறவினர் நல்ல வண்டி ஒன்று இருப்பதாகச் சொல்கிறார். கணவர் பேருந்து ஏறிப் போகிறார். வண்டியை ஓட்டிப் பார்க்கிறார், பிடித்துவிடுகிறது. விற்பவர் சொல்கிறார்: “பணத்தைக் கொடுத்துட்டு வண்டியை எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே. கெரானைப் பிறகு மாத்திக்கலாம். நம்ம ஆளுங்கதானே!”

நேயர்களே, தொல்லை பிறக்கும் இடம் இதுதான். பணம் கைமாறுகிறது, சாவியும் கைமாறுகிறது. ஆனால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் பதிவில், அதாவது நாம் ஜே.பி.ஜே. என்று சொல்லும் இலாகாவின் பதிவில், வண்டி இன்னும் ஈப்போக்காரர் பெயரிலேயே இருக்கிறது.

முதலில் பலருக்கும் எழும் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். வண்டியின் எண் பலகையில் முதல் எழுத்து மாநிலத்தைக் காட்டுகிறது. ஏ என்றால் பேராக். கே என்றால் கெடா. ஜே என்றால் ஜொகூர். எம் என்றால் மலாக்கா. பேராக் வண்டியைக் கெடாவுக்குக் கொண்டுவந்தால் எண்ணை மாற்ற வேண்டுமா? வேண்டியதில்லை. தீபகற்பத்துக்குள் வண்டி எந்த மாநிலத்துக்குப் போனாலும் அதன் எண் அதனுடனேயே போகும். மாற வேண்டியது எண் அல்ல, உரிமையாளரின் பெயர்.

ஒரு முக்கியமான விலக்கு உண்டு. லங்காவி கெடாவைச் சேர்ந்த தீவுதான். ஆனால் அது 1987ஆம் ஆண்டு முதல் தீர்வையற்ற தீவு. அங்கே பதிவான வண்டிகளில் பல கே.வி. என்ற எழுத்துகளோடு இருக்கும். தீர்வை கட்டாத அத்தகைய வண்டியைச் சுங்க இலாகாவின் அனுமதியின்றித் தீவுக்கு வெளியே கொண்டுவந்து வைத்துக்கொள்ள முடியாது. லாபுவானும் தீர்வையற்ற தீவுதான். விலை மலிவாக இருக்கிறதே என்று மயங்கிவிடாமல், தீர்வை கட்டப்பட்டதா என்று முதலில் கேளுங்கள்.

இனி, பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவற்றைப் பார்ப்போம்.

முதலாவது, கெரான். அதில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். “இது என் அண்ணன் வண்டி”, “என் கூட்டாளி கொடுத்தான்” என்றால், அந்த அண்ணனையோ கூட்டாளியையோ நேரில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். விற்பவர் தமது கைபேசியில் மைஜேபிஜே செயலியைத் திறந்து காட்டினால், அவர் பெயரில் உள்ள வண்டியின் எண்ணும், சாலை வரி முடியும் நாளும் தெரியும்.

இரண்டாவது, இஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும். இஞ்சின் எண் இஞ்சின் பெட்டியின் மேல் பொறிக்கப்பட்டிருக்கும். சேசிஸ் எண் வண்டியின் இரும்புச் சட்டத்தில், ஹேண்டில் தண்டுக்கு அருகிலோ இருக்கைக்கு அடியிலோ இருக்கும். சேற்றையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துணியால் துடைத்து, டார்ச் லைட் அடித்து, கெரானோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் வாங்காதீர்கள். அராவி அழித்த தடம் தெரிந்தால் அது திருட்டு வண்டியாக இருக்கலாம். பழைய இஞ்சினைக் கழற்றி வேறு இஞ்சினைப் போட்டிருந்தால், அந்த மாற்றமும் இலாகாவில் பதிவாகியிருக்க வேண்டும்.

மூன்றாவது, கடன். வண்டி தவணைக் கடனில் வாங்கப்பட்டிருந்தால், கடன் முடியும்வரை நிதி நிறுவனத்தின் உரிமைக் கோரல் பதிவில் இருக்கும். அது நீக்கப்படாமல் பெயர் மாற்ற முடியாது. சிலர், “மிச்சத் தவணையை நீங்கள் கட்டிக்கொள்ளுங்கள், கெரான் என் பெயரிலேயே இருக்கட்டும்” என்பார்கள். இதை மலாய் மொழியில் ‘சம்போங் பாயார்’ என்கிறார்கள். நிறுவனத்தின் சம்மதமின்றி இப்படிக் கைமாற்றுவது 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின்படி குற்றம். நீங்கள் தவணையை ஒழுங்காகக் கொடுத்து வந்தாலும், அவர் அதை நிறுவனத்தில் கட்டாமல் விட்டால் வண்டி உங்கள் வாசலிலிருந்து இழுத்துச் செல்லப்படும். அப்போது உங்களிடம் காட்ட ஒரு தாளும் இருக்காது.

நான்காவது, பழைய சம்மன்கள். கட்டாத சம்மன்கள் பெயர் மாற்றத்துக்குத் தடையாகலாம். அவற்றை விற்பவரே தீர்த்துவிட்டு வருவதுதான் முறை.

இவை எல்லாம் சரியாக இருந்தால், அடுத்து பெயர் மாற்றம். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, வண்டி கைமாறிய 7 நாள்களுக்குள் பதிவான உரிமையாளர் அதை இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். நல்ல வழி என்னவென்றால், விற்பவரும் வாங்குபவரும் ஒன்றாகவே இலாகா அலுவலகத்துக்குப் போவதுதான். இருவரின் அடையாள அட்டைகளும், கெரானும், வாங்குபவர் பெயரில் எடுத்த புதிய காப்புறுதியும் வேண்டும். வண்டியைச் சோதனைக்குக் காட்ட வேண்டுமா என்பதை முன்கூட்டியே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு முறை அலைவது மிச்சமாகும்.

வேலைக்குப் போகும் நமக்கு ஞாயிறுதானே ஓய்வு, எப்படிப் போவது என்று கேட்பீர்கள். இங்கே மாநிலத்துக்கு மாநிலம் உள்ள வேறுபாடு நமக்கு உதவுகிறது. பேராக்கில் சனியும் ஞாயிறும் அரசாங்க அலுவலகங்களுக்கு விடுமுறை. கெடா, கிளந்தான், திரெங்கானு மாநிலங்களில் வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிறு வேலை நாள். (ஜொகூர் 2025ஆம் ஆண்டு தொடக்கத்தில் மீண்டும் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறிவிட்டது.) ஆகவே நம் சுங்கை பட்டாணி நண்பர் ஞாயிற்றுக்கிழமை ஈப்போவுக்குப் போனால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பார். அதற்குப் பதிலாக விற்பவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு கெடாவுக்கு வரச் சொன்னால், சம்பளம் இழக்காமல் காரியம் முடியும். அவருக்கு எண்ணெய்ச் செலவுக்கு ஐம்பது வெள்ளி கூடுதலாகக் கொடுத்தாலும் நட்டமில்லை.

முன்பணம் கொடுக்க வேண்டியிருந்தால் சிறு தொகையாகக் கொடுத்து, தேதி, வண்டி எண், இருவர் பெயர், அடையாள அட்டை எண், கையொப்பம் எல்லாம் அடங்கிய ரசீது வாங்குங்கள். மீதிப் பணத்தை இலாகா முகப்பில் பெயர் மாறிய பிறகே கொடுங்கள். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. நேர்மையான விற்பனையாளர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

“இவ்வளவு அலைச்சல் எதற்கு? வண்டி ஓடினால் போதாதா?” என்று சில தாய்மார்கள் கேட்கக்கூடும். வண்டி ஓடும்வரை போதும்தான். ஆனால் ஒரு நாள் செம்பனை லோரியோடு மோதல், அல்லது சாலையைக் கடந்த ஒருவர்மேல் இடித்தல். அப்போது முதலில் கேட்கப்படும் கேள்வி, காப்புறுதி யார் பெயரில் என்பது. பழைய உரிமையாளரின் காப்புறுதி வண்டியோடு சேர்ந்து தானாக உங்களிடம் வந்துவிடாது. காப்புறுதி இல்லாமல் ஓட்டுவது குற்றம். அதோடு, அடிபட்டவருக்குக் கொடுக்க வேண்டிய நட்ட ஈடு, வண்டி ஓட்டிய தோட்டத் தொழிலாளியின் தலையில் வந்து விழலாம். 2,500 வெள்ளி வண்டிக்காக ஒரு குடும்பம் பல ஆண்டுகள் கடனில் மூழ்க நேரிடும்.

வண்டி திருடு போனாலும் இதே கதைதான். போலீசில் புகார் செய்யும்போது, அது உங்கள் வண்டி என்பதற்கு என்ன அத்தாட்சி? பதிவான உரிமையாளர் இறந்துவிட்டால் சிக்கல் இன்னும் கூடும். அவர் வாரிசுகள் அமானா ராயா போன்ற இடங்களில் முறைப்படி அதிகாரம் பெற்ற பிறகே பெயர் மாற்ற முடியும். எங்கோ ஈப்போவில் இருக்கும், முகமறியாத அந்தப் பிள்ளைகள் உங்களுக்காக எத்தனை முறை அலைவார்கள்?

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெயர் மாற்றாமல் விற்றால், வாங்கியவர் சிவப்பு விளக்கைத் தாண்டினாலும் சம்மன் உங்கள் வீட்டுக்கே வரும். அந்த வண்டியைக் கொண்டு யாராவது குற்றம் செய்தால், போலீஸ் முதலில் தட்டுவது உங்கள் கதவைத்தான். பெயர் மாற்றம் இருவருக்கும் பாதுகாப்பு.

ஏற்கெனவே இப்படிப் பெயர் மாற்றாமல் வண்டி வைத்திருப்பவர்கள் இந்த வாரமே விற்றவரைத் தேடிப் பிடியுங்கள். அவர் ஊர் மாறுவதற்கு முன், வேறு துன்பம் நேர்வதற்கு முன், இருவரும் சேர்ந்து இலாகாவுக்குப் போய்வாருங்கள்.

சாலை வரிச் சீட்டை வண்டியில் ஒட்ட வேண்டிய கட்டாயம், மலேசியக் குடிமக்களின் தனியார் வண்டிகளுக்கு 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் நீங்கியது. சீட்டுத்தான் ஒட்ட வேண்டியதில்லை. காப்புறுதியும் சாலை வரியும் வேண்டாம் என்று பொருளல்ல.

நேயர்களே, சுருக்கமாகச் சொல்கிறேன். எண்களை ஒப்பிடுங்கள். கடன் இல்லை என்று உறுதி செய்யுங்கள். உங்கள் பெயரில் காப்புறுதி எடுங்கள். பெயர் மாறிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தில் வாங்கிய வண்டி, சாவியால் மட்டுமல்ல, பதிவாலும் உங்களுடையதாக இருக்கட்டும்.